சனிக்கிழமைக்குள் கிடைக்கும்

ஆரோக்கியம் அண்ணன் இன்னும் வரவில்லை. செல்போன் மட்டும் ‘உங்கள் பார்சலை எடுக்க ஆள் வந்துகொண்டிருக்கிறார்’ என்று சோறு தின்று கை கழுவினதிலிருந்து சொல்லிக்கொண்டே இருக்கிறது. வரைபடத்தில் பொம்மை லாரி ஒன்று பள்ளப்பட்டிப் பிரிவில் போய் நின்றது நின்றதுதான், வெயிலில் படுத்த எருமை மாதிரி அசையமாட்டேன் என்கிறது, சுகந்தி அதைப் பார்ப்பதும் தொட்டிலைப் பார்ப்பதுமாக இருந்தாள். சுவரில் முதுகைச் சாய்த்துக் காலை நீட்டியிருந்தாள், வலது கால் பெருவிரலில் தொட்டில் கயிறு, மடக்கினால் தொட்டில் இங்கே வரும், விட்டால் அங்கே போகும், மேலே கொக்கி கிறீச் என்னும். அந்தக் கிறீச் நின்றால் பாப்பாவுக்குத் தூக்கம் கலைந்துவிடும், அதற்காகவே கொக்கிக்கு எண்ணெய் விடாமல் வைத்திருக்கிறார்கள். நேற்று தடுப்பூசி போட்டது. ராத்திரி பூரா உடம்பு அனலாகக் கொதித்து, அழுது அழுது தொண்டை கம்மி, இப்போதுதான் கண்ணயர்ந்திருக்கிறாள் தாரிகா. நெற்றியைத் தொட்டுப் பார்க்கலாம் என்றால் கை பட்டதும் விழித்துக்கொள்வாள். பார்சல் கைக்கெட்டுகிற தூரத்தில் கதவோரம் இருந்தது, உள்ளங்கை அகலம்கூட இல்லை, ஊதினால் பறந்துவிடும், உள்ளே ஒரு ஜோடி வசம்பு வளையல், ஓர் அரைஞாண் கயிறு, கருப்பும் வெள்ளையுமாய் மணி கோத்த கைக்காப்பு ஒன்று. அவ்வளவுதான். அதற்குமேல் ஒட்டியிருக்கிற காகிதத்தில் ஊத்தங்கரை என்று ஊர்ப்பேர், அதற்குக் கீழே பட்டை பட்டையாய்க் கோடு, அந்தக் கோட்டை ஆரோக்கியம் அண்ணன் தன் போனால் ஒருதரம் பீப் என்று அடிக்க வேண்டும். இன்றைக்குள் அந்தப் பீப் சத்தம் கேட்கவில்லையென்றால் விற்கிற ஆப்பில் அவள் போட்டிருக்கிற கடை நாலு நட்சத்திரத்திலிருந்து இறங்கிவிடும். நாலுக்குக் கீழே இறங்கின கடையை அந்த ஆப் யார் கண்ணுக்கும் காட்டாது. இருக்கும், செத்த வீட்டு மாட்டுத்தொழுவம் மாதிரி அது பாட்டுக்கு இருக்கும், ஒருத்தரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள்.

கடை மூடினால் கொசுவலைக் கம்பெனிதான். கருக்கலில் வேன் வரும், பக்கத்து வீட்டு மல்லிகா போகிறாளே அந்த வேன், பால்குடி மறக்காத பிள்ளையை விட்டுவிட்டு மாரில் துணியை மடித்து வைத்துக் கட்டிக்கொண்டு போய், கட்டின துணி நனைந்து சேலைக்கு வந்து, மிஷின் முன்னால் வலையோடு வலையாய்க் குனிந்துகொள்வாளாம், எதிரில் இருக்கிறவளுக்கும் அதே கதி என்பதால் ஒருத்தரையொருத்தர் பார்த்துச் சிரித்துக்கொள்வார்களாம். மல்லிகா அதைச் சொன்னபோது சுகந்தியும் சிரித்தாள். எல்லாவற்றுக்கும் சிரிக்கிற வாய் இது, பள்ளிக்கூடத்தில் பெஞ்சுமேல் ஏற்றி நிறுத்தினால்கூடச் சிரிக்கும். இப்போது நினைத்தால் சிரிப்பு வரவில்லை. தொட்டிலில் ஒரு கால் மட்டும் சேலைக்கு வெளியே தொங்கியது, பாதம் ஒரு முருங்கைப்பூ அளவு, காலை மடக்கினாள், பாதம் இங்கே வந்தது, விட்டாள், போனது, கிறீச். லாரி அசைந்ததா? இல்லை. விரலால் திரையைப் பெரிசாக்கினாள், பெரிய லாரியாகி அங்கேயே நின்றது.

தேதியை அவளா கொடுத்தாள்? யாராவது அதை ஒருதரம் கேட்கவேண்டும், கேட்டால் சொல்லிவிடுவாள். வளையலை அறுப்பது அவள், ஓட்டை போடுவது அவள், நூல் கோப்பது அவள், உறையில் போட்டு ஒட்டுவது அவள், தேதி மட்டும் அவளுடையது இல்லை. வாங்குகிறவள் போனைத் திறந்ததும் வளையல் படத்துக்குக் கீழே பச்சை எழுத்தில் ‘சனிக்கிழமைக்குள் கிடைக்கும்’ என்று வருகிறதே, அதை ஆப் எழுதுகிறது, எங்கேயோ உட்கார்ந்து, இந்த ஊர்ச் சாலையையும் ஆரோக்கியம் அண்ணன் வண்டியின் டயரையும் பாப்பாவின் காய்ச்சலையும் பார்க்காமல். அவளிடம் அது கேட்டது ஒன்றே ஒன்றுதான், ஆர்டர் வந்தால் எத்தனை நாளில் கட்டி வைப்பாய். ஆரம்பத்தில் நல்ல பிள்ளையாக மூன்று நாள் என்றுதான் போட்டாள். கைக்குழந்தைக்காரி, முன்னே பின்னே ஆகும், சொன்னால் சொன்னபடி இருக்க வேண்டாமா. ஆர்டர் நின்றுபோனது. பள்ளப்பட்டியில் நைட்டி விற்கிற ஷமீமா அக்காதான் போனில் காறித் துப்பாத குறை. “மூணு நாளா? ஏம்மா, நீ என்ன கல்யாண மண்டபமா கட்டித் தர்றே? நாளைக் கூட்டிப் போட்டா உன்னைத் தூக்கிப் பின்னால போட்டுருவான், அங்கே உட்கார்ந்து ஈ ஓட்டிக்கிட்டு இரு. ஒரு நாள்னு போடு.” “முடியலீன்னா அக்கா?” “முடியும்னு போடு. முடியறது அப்புறம்.” ஒரு நாள் என்று மாற்றின அன்று சாயங்காலமே மழை பெய்தாற்போல் ஆர்டர். அந்த மழையில் நனைந்து ஆடினதுதான் தப்பு. தப்பா? எல்லோரும் ஒரு நாள் என்றுதானே போடுகிறார்கள், அவளைப்போல எங்கெங்கோ எத்தனையோ பேர், முடியும் என்று போட்டுவிட்டு முடியாமல், காலில் கயிற்றைக் கட்டிக்கொண்டு லாரிப் படத்தைப் பார்த்துக்கொண்டு.

அதுவும் மற்றச் சாமான் மாதிரியா இது. நைட்டி ஒரு நாள் தாமதித்தால் பழைய நைட்டியைப் போட்டுக்கொள்வாள். பிள்ளை பிறக்கிறதுக்கு முன்னால் எவளும் காப்பு வாங்கமாட்டாள், வாங்கக்கூடாது, வயிற்றில் இருக்கும்போது ஒரு சட்டைகூட வீட்டுக்குள் வரக்கூடாது. பிறந்து, அழுது, எல்லோரும் மூச்சு விட்ட பிறகுதான் எவளோ ஓர் அத்தை, ஒரு சித்தி, ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே நின்று போனைத் தேய்ப்பாள். பேர் வைக்கிற நாள் குறித்தாகிவிட்டிருக்கும். வெறுங்கையோடு தொட்டிலில் போடமுடியுமா. அதனால் அவளுக்கு வருகிற ஒவ்வொரு ஆர்டரும் மூச்சிரைக்க ஓடிவருகிற ஆர்டர், அந்தப் பச்சை எழுத்தைப் பார்த்து ‘அப்பாடா’ என்று உட்கார்கிற ஆர்டர். ஆப்புக்கு அது தெரியாது. அதற்கு வளையலும் ஒன்றுதான் வாளியும் ஒன்றுதான்.

வேதாரண்யத்துக்காரிக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். கார்த்தியாயினி, வேதாரண்யம். முகம் தெரியாது, குரல் தெரியாது, காகிதத்தில் ஒட்டின பேர் மட்டும்தான், ஆனாலும் இந்தப் பத்துப் பதினைந்து நாளாய் கட்டின லோகு மாமாவைவிட அவளோடுதான் சுகந்தி குடித்தனம் நடத்துகிறாள். ஒரே ஒரு நட்சத்திரம் போட்டிருந்தாள். கீழே ஒரு வார்த்தை இல்லை. திட்டியிருக்கலாம், ‘திருட்டுக் கடை’ என்று எழுதியிருக்கலாம், ‘வளையல் சின்னது’ என்று எழுதியிருந்தால் அடுத்ததைப் பெரிசாக அறுத்திருப்பாள். எழுதுகிற இடம் காலியாக இருந்தது. அஞ்சு கட்டத்தில் ஒன்று மஞ்சளாக, நாலு வெறுமையாக, பல் விழுந்த வாய் மாதிரி. ஏன் என்று யாருக்குத் தெரியும். தெரியும், அவளுக்குத் தெரியும், செவ்வாய்க்கிழமை. ஆர்டர் வந்தது திங்கள் ராத்திரி. பிறந்த பிள்ளைக்குப் போகிற காப்பை செவ்வாய்க்கிழமை வீட்டு வாசற்படி தாண்டவிடமாட்டாள் சுகந்தி, உயிர் போனாலும் விடமாட்டாள். அதனால் செவ்வாயன்று ‘தயார்’ என்கிற பொத்தானை மட்டும் அமுக்கிவிட்டு, ஆப்புக்குத் தயார் வீட்டுக்குத் தயாரில்லை என்று, ஆரோக்கியம் அண்ணனிடம் “நாளைக்கு வந்து எடுத்துக்கங்ணா” என்று கண்ணைச் சிமிட்டி அனுப்பினாள். மறுநாள் அவர் வரவில்லை, மாமியார் வீட்டில் சாவு. வியாழக்கிழமை போனது. ஆனால் பச்சை எழுத்து செவ்வாயிலிருந்தே ஓட ஆரம்பித்துவிட்டிருந்தது. அவள் அமுக்கின பொத்தான்தான் கார்த்தியாயினியின் போனில் ஒரு தேதியாய்ப் போய் உட்கார்ந்திருந்தது, தொட்டிலில் பூச்சுற்றி, ஐயரோ பூசாரியோ வந்து, சொந்தம் எல்லாம் வந்து, “என்னம்மா காப்பு வரலியா” என்று எவளாவது கேட்டிருப்பாள். அங்கே கார்த்தியாயினி என்ன சொல்லியிருப்பாள். “இன்னிக்குள்ள வரும்னு போட்டிருக்குங்க” என்று போனை நீட்டிக் காட்டியிருப்பாள். பச்சை எழுத்து.

இல்லையென்றால் வேறே மாதிரி. வேண்டாம், வேறே மாதிரி நினைக்கவேண்டாம். காலை மடக்கினாள், விட்டாள். வேறே மாதிரி என்றால், பார்சல் போய்ச் சேர்ந்தபோது அங்கே கட்டுவதற்குக் கை இல்லாமல் இருந்திருந்தால்? வேண்டாம் என்ற நினைப்பு வந்துவிட்டது. அதனால்தான் வார்த்தை எழுதவில்லையோ. எழுத என்ன இருக்கும். வீட்டு வாசலில் ஒரு பையன் பைக்கை நிறுத்தி “பார்சல்” என்கிறான், எவளோ ஒருத்தி வாங்குகிறாள், உறையைப் பிரிக்காமலே தெரிகிறது, வசம்பு வாசம் உறையைத் தாண்டி வரும், பிரிக்கவே வேண்டாம், அப்படியே பரண்மேல் எறிந்துவிட்டு உட்கார, போன் டிங் என்று, ‘உங்கள் அனுபவம் எப்படி இருந்தது?’ என்று கேட்டிருக்கும். கேட்கும், அது எல்லோரையும் கேட்கும். சுகந்தி உதவி எண்ணுக்குப் போட்டுப் பார்த்தாள். ரொம்ப நேரம் பாட்டு ஓடி ஒரு பெண் பேசினாள். “உங்கள் சிரமம் புரிகிறது மேடம்.” “அந்தம்மாவோட நம்பர் வேணுங்க, ஒரே ஒரு வார்த்தை கேக்கணும்.” “வாடிக்கையாளர் விவரம் தரமுடியாது மேடம்.” “நட்சத்திரத்த எடுக்கச் சொல்லலீங்க. பாப்பா நல்லா இருக்குதான்னு மட்டும்.” அந்தப் பெண் அதே குரலில், “பொருள் சம்பந்தமா வேறு கேள்வி இருக்கா மேடம்?” என்றாள். இல்லை என்றதும், இந்த அழைப்புக்கு மதிப்பெண் கொடுங்கள் என்று ஒரு மிஷின் பேசியது. சுகந்தி அஞ்சு கொடுத்தாள். பாவம், அதுவும் எவளோ ஒருத்தி பெற்ற பெண்தானே.

அவள் எப்போதுமே அஞ்சு கொடுக்கிறவள், வார்த்தையும் எழுதுகிறவள். அதில்தான் நினைப்பு போய் மாட்டும், சேலை முள்ளில் மாட்டுகிறமாதிரி, இழுத்தால் கிழியும், விட்டுவிட்டும் போகமுடியாது. தாரிகாவுக்கு முன்னால் ஒன்று இருந்தது. அஞ்சாம் மாதம். அப்போது சுகந்திக்குச் செவ்வாயும் கிடையாது வெள்ளியும் கிடையாது, “அதெல்லாம் சும்மா” என்று சொல்லிச் சிரிக்கிற காலம். படுத்துக்கொண்டு போனைத் தேய்த்துக்கொண்டிருந்தவள் கண்ணில் ஒரு வளையல் பட்டது, சின்னச்சின்ன வில்லையாய், இத்தனூண்டு கைக்கு இத்தனூண்டு வளையல், ஆசை அடக்கமுடியவில்லை. “வாங்கிட்டேன் மாமா, உங்கம்மாகிட்டச் சொல்லீராதீங்க” என்று லோகுவின் காதைக் கடித்தாள், அவனும் சிரித்தான். அடுத்த வாரம் என்று போட்டிருந்தார்கள். இரண்டு நாளில் வந்துவிட்டது. அந்த ஆப் மூச்சிரைக்க ஓடிவந்து கொடுத்தது. அன்று செவ்வாய்க்கிழமை என்பதுகூட அவளுக்கு அப்புறம்தான் தோன்றியது, அப்புறம் எத்தனையோ தோன்றியது. கையில் வைத்து உருட்டினாள், முகர்ந்து பார்த்தாள், போன் கேட்டதும் அஞ்சு நட்சத்திரம் போட்டு, ‘சொன்ன தேதிக்கு முன்னாடியே வந்துருச்சு, ரொம்ப சந்தோசம்’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு பூப்படமும் போட்டாள். அந்த வாரமே வயிற்று வலி. ஆஸ்பத்திரியில் ஒரு தட்டில் துணியைப் போட்டு மூடினார்கள். நர்ஸ் சொன்னாள், இதெல்லாம் எதனாலும் ஆகும்மா, நீ எதுவும் பண்ணலே. நீ எதுவும் பண்ணலே, நீ எதுவும் பண்ணலே, கிறீச், நீ எதுவும் பண்ணலே. அவள் எழுதின வார்த்தை இன்னும் அந்தக் கடைப் பக்கத்தில் இருக்கிறது. ஒருநாள் தேடிப் போய்ப் பார்த்தாள். பதிமூன்று பேர் அது உதவியாக இருந்தது என்று அமுக்கியிருந்தார்கள்.

வசம்பு அறுக்க ஆரம்பித்தது அதற்கப்புறம்தான். மாசக்கணக்கில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவளை எழுப்பி உட்காரவைத்தது அந்தக் கடைதான். எதனால் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஏதோ ஒரு பிள்ளையின் கைக்கு, பிறந்துவிட்ட பிள்ளையின் கைக்கு, உயிரோடு இருக்கிற கைக்கு, சரியான நாளில் ஒன்று போய்ச் சேரவேண்டும், சீக்கிரமும் வேண்டாம் தாமதமும் வேண்டாம். அவ்வளவுதான் அவளுக்கு. அதற்குப் போய் நட்சத்திரம், நாலு, நாலுக்குக் கீழே. ஊத்தங்கரைக்காரி கேள்விப் பெட்டியில் எழுதியிருந்தாள், ‘ஞாயித்துக்கிழமை பேர் வைக்கறோம் அக்கா, அண்ணன் பாப்பாவுக்கு, வந்துருமா?’ அக்கா என்று எழுதியிருந்தாள், முகம் தெரியாதவள். சுகந்தி ‘கண்டிப்பா வந்துரும் கண்ணு’ என்று எழுதிப் பூப்படம் போட்டாள். யாரைக் கேட்டுப் போட்டாள்? பச்சை எழுத்தைப் பார்த்துத்தான் அவளும் போட்டாள், தன் கடையின் பச்சை எழுத்தைத் தானே நம்பிக்கொண்டு. அதைவிடக் கூத்து உண்டா.

வெயில் கதவு நிலையிலிருந்து இறங்கிப் பார்சல்மேல் வந்து படுத்திருந்தது. லாரி அதே இடம். பஸ் ஏறிப் போய் அரவக்குறிச்சி பார்சல் ஆபீசிலேயே கொடுத்துவிடலாமா? பிள்ளையைத் தூக்கவேண்டும், தூக்கினால் விழிக்கும், காய்ச்சலோடு வெயிலில், பஸ் எப்போது வரும் என்று எவனுக்குத் தெரியும், போன பின்னால் இங்கே ஆரோக்கியம் அண்ணன் வந்து கதவைத் தட்டினால்? ஒரு கையால் போனை எடுத்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டு லோகுவைக் கூப்பிட்டாள். கரூரில் பஸ்ஸுக்குக் கூடு கட்டுகிற பட்டறை, அந்தப் பக்கம் தகரத்தை அடிக்கிற சத்தம். “மாமா, வண்டிய எடுத்துட்டு வர முடியுமா?” “என்னது?” “வண்டி! ஊத்தங்கரை பார்சல் இன்னும் போகல.” “எங்க புள்ளே, இன்னிக்குப் பெயிண்டுக்கு ஏத்தறாங்க, மேஸ்திரி மூச்சுவிடக்கூட வெளிய விடமாட்டான். பாப்பாக்கு எப்படியிருக்குது?” “தூங்கறா.” “ஆரோக்கியம் வருவான் உடு.” “வரலீன்னா?” “வரலீன்னா நாளைக்கு வருவான்.” நாளைக்கு. எவ்வளவு லேசாய்ச் சொல்கிறான், நாளைக்கு என்பதற்கு எடையே இல்லாத மாதிரி. “உன்ற வேதாரண்யத்துச் சம்பந்தி நெனப்பு வந்துருச்சா மறுபடியும்? அந்தம்மா உன்னய மறந்தே போயிருப்பா புள்ளே.” தகரச் சத்தம் அவன் சிரிப்பை விழுங்கியது. மறந்திருப்பாள். அதுதானே, நட்சத்திரம் போட்டவள் மறந்துவிடுவாள், வாங்கினவள் கட்டிக்கொண்டு அழவேண்டும். ஒரு வார்த்தை எழுதினால் கை தேய்ந்தா போய்விடும்? நானெல்லாம் எழுதுவேனே. திட்டுவதாக இருந்தாலும் எழுதித் திட்டுவேன். வாயில்லாமல் அறைகிறவர்களை என்ன சொல்ல, இருட்டில் வந்து அறைந்துவிட்டுப் போனமாதிரி, யார் என்று தெரியும், ஏன் என்று தெரியாது.

டிங். காலை மடக்கினவள் விடாமல் அப்படியே இருந்தாள். லாரிப் படம் போய்விட்டிருந்தது, இருந்த இடத்தில் சிவப்பாய் ஒரு வரி. ‘பார்சலை எடுக்க முடியவில்லை. ஆள் வந்தபோது கடை பூட்டியிருந்தது.’ பூட்டியிருந்ததா. கதவைப் பார்த்தாள். திறந்து கிடக்கிறது, விடிந்ததிலிருந்து திறந்துதான் கிடக்கிறது, கோழி ஒன்று உள்ளே வந்து பார்த்துவிட்டுப் போனது, காற்று வந்தது, வெயில் வந்தது, ஆள் வரவில்லை. கடை என்ன கடை, அவள்தான் கடை, காலில் கயிற்றோடு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற இவள்தான் கடை, இவளா பூட்டியிருந்தாள். அடுத்த வரி, ‘விற்பவர் காரணத்தால் தாமதம்.’ விற்பவர் காரணம். காதுக்குள் நண்டு ஊர்கிறமாதிரி ஒரு சத்தம். தொட்டில் நின்றுபோயிருந்ததை அவள் கவனிக்கவில்லை, கிறீச் இல்லை, அந்த மௌனத்தில் தாரிகா வீறிட்டாள். பாய்ந்து எழுந்ததில் கயிறு பெருவிரலை அறுத்தது, தூக்கித் தோளில் போட்டாள், உடம்பு மறுபடி கொதிக்கிறது, கழுத்தோரம் வெதவெதவென்று பால் கக்கினாள், “இல்லடி கண்ணு, இல்லடி, ஒண்ணுமில்ல,” துண்டு எங்கே, துண்டைத் தேடக் குனிந்தால் பிள்ளை இன்னும் வீறிடுகிறது, டிங், டிங், கையில் போன், திரை முழுக்க என்னவோ வந்து மறைத்துக்கொண்டிருக்கிறது, பார்சல் விவரத்தைப் பார்க்க விடாமல், பூட்டியிருந்தது என்பதை மாற்ற முடியுமா என்று பார்க்க விடாமல், ‘இன்றைய பார்சல் சேவை எப்படி இருந்தது?’, அஞ்சு வெறும் கட்டம், மூடுகிற பெருக்கல் குறி எங்கேயும் இல்லை, பால் நாற்றம், சூடு, வீறிடல், பெருவிரலில் எரிச்சல், கட்டைவிரல் முதல் கட்டத்தைத் தொட்டது. மஞ்சளானது. ‘காரணத்தை எழுதுங்கள்’ என்று அது கேட்டது. எழுதவா, இந்தக் கையோடா, ‘அனுப்பு’ என்பதை அமுக்கினாள். திரை தெளிந்தது. ஊத்தங்கரை, திங்கட்கிழமை என்று பச்சையாய் எழுதியிருந்தது.

பிள்ளையைத் தோளில் தட்டிக்கொண்டு அறைக்குள்ளேயே நடந்தாள், கதவுக்கும் அடுப்புக்கும், அடுப்புக்கும் கதவுக்கும். திங்கட்கிழமை. ஞாயிறு போய்விடும், ஊத்தங்கரையில் அந்தப் பெண் யாரிடமாவது போனை நீட்டிக் காட்டுவாள், ‘அக்கா கண்டிப்பா வந்துரும்னாங்களே.’ வேன் கருக்கலில் வரும். துணியை மடித்து வைத்து. பாப்பாவை யாரிடம். நடந்தாள். அழுகை விம்மலாகி, விம்மல் விக்கலாகி, தோளில் ஒரு சூடான கனமாய்த் தூங்கிப்போனாள் தாரிகா, அப்போதும் நடந்தாள், நிறுத்தினால் என்ன ஆகும் என்று தெரியாமல் நடந்துகொண்டிருந்தவள் வாசலில் டிவிஎஸ் சத்தம் கேட்டதும் ஆரோக்கியம் அண்ணன் வண்டிச் சத்தம் இல்லையே என்று நினைத்தாள். அவர்தான். யாருடையதோ டிவிஎஸ்ஸில் வந்திருந்தார், முழங்கை வரை கிரீஸ், சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, வாசலிலேயே நின்று, “கண்ணு, தண்ணி கொடு மொதல்ல” என்றார்.

சொம்பை அண்ணாந்து குடித்துவிட்டு மிச்சத்தை முகத்தில் ஊற்றிக்கொண்டார். “பிரிவுகிட்ட டயர் வெடிச்சிருச்சு கண்ணு. ஸ்டெப்னியும் பஞ்சர். ஒரு எடத்துலயே நிக்குதேன்னு போன்ல என் பேருக்குச் செவப்பு ஏறிக்கிட்டே போகுது. எதாச்சும் ஒரு வீட்டக் கழிச்சாத்தான் மத்த வீட்டுக்கு நேரம் கொடுப்பான். சரின்னு உன் வீட்டப் பூட்டியிருக்குன்னு அமுக்கிட்டேன்.” சுகந்தி வாயைத் திறந்தாள். அவர் கையெடுத்துக் கும்பிடுகிறமாதிரி ஈரக்கையைச் சேர்த்தார். “வேற எவ வீட்டப் போட்டாலும் புகார் பண்ணி என் சோத்துல மண்ணப் போட்டுருவாளுங்க. நீன்னாக் கோவிச்சுக்கமாட்டே, நேர்ல போய்ச் சொல்லிக்கலாம்னுதான், வண்டியக் கடன் வாங்கிட்டு ஓடியாறேன். பாப்பாக்கு என்ன, ஊசியா?” “ஊசிதாண்ணா.” “வெந்நீர்த் துணி ஒத்திடம் போடு.” பார்சலை எடுத்துக் கோட்டின்மேல் போனைப் பிடித்தார். பீப் சத்தம் வரவில்லை. திருப்பிப் பிடித்தார். வரவில்லை. “ரத்தாயிருச்சுன்னா நாளைக்குத்தான் கண்ணு எடுத்துக்கும்” என்று பார்சலைத் தட்டித் துடைத்து, இருந்த இடத்திலேயே, கதவோரம், ஏதோ சாமி படத்தை வைக்கிறமாதிரி வைத்தார். அப்போது அவர் போன் அவர் கையிலேயே அதிர்ந்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

“பாரேன்” என்றார். “யாரோ ஒத்த நட்சத்திரம் போட்டிருக்காங்க.” சிரிக்கப் பார்த்தார், வாய் ஒத்துழைக்கவில்லை. “போன மாசம் மாமியா வீட்டுச் சாவுக்குப் போனதுக்கே ஆபீஸ்ல கூப்புட்டு, இன்னொருவாட்டி இறங்குச்சுன்னா வண்டிய வேற ஆளுக்கு மாத்திருவோம்னான். போட்டது எந்த வீடுன்னும் காட்டமாட்டான்.” தெருவைத் திரும்பிப் பார்த்தார், அங்கே போட்டவர் யாரும் நிற்கிறாரா என்பதுபோல. “திட்டியிருந்தாக்கூடத் தேவல. ஒரு எழுத்து எழுதல பாரு. நீ போன்ல இதெல்லாம் பாக்கறவ, சொல்லு கண்ணு, எதுக்கு இப்படிப் போடுவாங்க?”

தோளில் பிள்ளையின் மூச்சு சுகந்தியின் கழுத்தில் சுட்டது. கயிறு அறுத்த பெருவிரலைத் தரையில் அழுத்திக்கொண்டாள்.

“கொழந்த அழுதிருக்கும்ணா” என்றாள்.

ஆரோக்கியம் அண்ணன் ஒரு நிமிஷம் அவளைப் பார்த்தார், பிறகு அவர் முகம் லேசாய்த் தெளிந்தது. “உனக்கு எப்பவும் வெளையாட்டுதான் போ” என்று சொல்லி டிவிஎஸ்ஸை உதைத்தார். முதல் உதைக்குக் கிளம்பவில்லை.